ஆவுடைத்தாய் வாங்கிக்கொண்ட நோய்கள்

செவ்வூரணியில் சங்கரபாண்டிக்கு ஒன்பது வருடமாக இருந்துவந்த ரத்தக்கொதிப்பு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே கால் மணிக்கு, புளிக்குழம்பில் உப்பு ஒரு கல் கூடிப்போனதற்காக அவன் தன் மனைவி ஆவுடைத்தாயை அவள் பிறந்த வீட்டையும் சேர்த்துத் திட்டி முடித்த அந்த நிமிடத்தில், அவனை விட்டு இறங்கி, சாப்பாட்டுத் தட்டைத் தாண்டி, அடுக்களை வாசல்படி ஏறி, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற அவள் உடம்புக்குள் போய்க் குடியேறியது. அவனுக்குத் தலை லேசானது. அவளுக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. "நடிக்காதட்டி" என்று சொல்லிவிட்டு அவன் கை கழுவினான், பைக்கை எடுத்தான், மாவு மில்லுக்குப் போகிற வழியெல்லாம் சீட்டியடித்துக்கொண்டே போனான்.

அந்த வாரம் மாத்திரை வாங்கப் போன இடத்தில், ஊர் ஆஸ்பத்திரி டாக்டர் ஜெபசீலி அவன் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தாள். நூற்றிருபதுக்கு எண்பது. மெஷினில் கோளாறு என்று வேறொன்றைக் கொண்டுவரச் சொன்னாள், அதிலும் அதேதான். துணைக்கு வந்து ஓரமாக நின்ற ஆவுடைத்தாயின் முகம் வெளுத்திருப்பது கண்ணில் படவே, அவள் கையிலும் சுற்றினாள். நூற்றுத் தொண்ணூறுக்கு நூற்றுப்பத்து.

"உனக்கு எப்பலேருந்தும்மா பிரஷர்?"

"செவ்வாக்கெழமலேர்ந்து டாக்டரம்மா. காலைல பத்தே காலுக்கு."

டாக்டர் சிரித்தாள். ஆவுடைத்தாய் சிரிக்கவில்லை. வலிக்கிறதா என்று கேட்டதற்கு, "வலிக்கல" என்றாள். கல்யாணமாகி வந்த இந்த இருபத்திரண்டு வருடமாக யார் என்ன கேட்டாலும் அவள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

விஷயத்தை முதலில் புரிந்துகொண்டவள் மாமியார் வேலம்மாள். அவளுக்கு இரண்டு முழங்காலிலும் வாதம், சுவரைப் பிடிக்காமல் எழுந்திருக்க முடியாது. ஒரு சாயங்காலம், கல்யாணத்தின்போது சீராக வந்த வெண்கலப் பானையின் ஈயப்பூச்சு சரியில்லை என்று அவள் மருமகளைப் பிடித்துக்கொண்டாள்; பானையில் தொடங்கி, சீர்வரிசையில் நடந்து, வீட்டில் ஆம்பிளைப் பிள்ளை இல்லாததில் வந்து நின்றபோது வலது முழங்காலில் ஏதோ ஒரு முடிச்சு அவிழ்ந்தது. கெட்டிக்காரி, நிறுத்தவில்லை. இடது முழங்காலும் விடுகிறவரைக்கும் திட்டினாள். பிறகு எதையும் பிடிக்காமல் எழுந்து, சேலையை உதறிக் கட்டிக்கொண்டு, அம்மன் கோவிலுக்கு நடந்தே போய்வந்தாள். மறுநாள் ஆவுடைத்தாயால் தையல் மெஷினை மிதிக்க முடியவில்லை, தைத்துக் கொடுக்கவேண்டிய ஜாக்கெட்டுகள் மேஜையில் அப்படியே கிடந்தன.

வீட்டில் நடந்தது தெருவுக்கு வர எவ்வளவு நேரம் ஆகும். யாரும் மூக்கில் விரல் வைக்கவில்லை. மழை பெய்தால் ஆளுக்கொரு வாளியை எடுத்து வெளியே வைப்பார்களே தவிர, ஏன் பெய்கிறது என்று யார் கேட்கிறார்கள்? எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் தன் வயிற்றுப்புண்ணோடு வாசலில் வந்து நின்று, மரியாதையாகவே நாலு வார்த்தை திட்டிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை, வயிறு முன்னைவிட அதிகமாக எரிந்ததுதான் மிச்சம். ஆனால் பத்து வருடமாக அவளை மைனி மைனி என்று கூப்பிட்டு, முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் கொடுத்து வாங்கிப் பழகிய பொன்னுத்தாய், மூச்சிரைப்போடு வந்து, "ஒம் மவளும் ஒன்னிய மாதிரி ஒண்ணுக்கும் ஒதவாமத்தான் போவா மைனி" என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். அவ்வளவுதான், அடைத்திருந்த நெஞ்சு திறந்துகொண்டது, திரும்பிப் போகும்போது பொன்னுத்தாய் தெருவில் ஓடிக்கூடப் பார்த்தாள். திட்டுகிறவர் சொந்தமாக இருக்க வேண்டும், சொல் சுட வேண்டும் என்பது அன்றைக்கு ஊருக்குத் தெரிந்துபோனது.

அப்புறம் நடந்ததையெல்லாம் சொன்னால் வயிறு எரியும். வார்டு மெம்பர் தங்கமாரியப்பனுக்குச் சர்க்கரை நோய் இருந்தது. ஆவுடைத்தாயின் தகப்பன் வழியில் தூரத்துப் பங்காளி என்பதைக் கண்டுபிடித்து, 'தங்கச்சி' என்று வந்து, திட்டி, மறுநாளே ஒரு பெட்டி பால்கோவா தின்றவர் அவர். நன்றி மறக்காத மனிதர். தன் செலவிலேயே அவள் வீட்டு வாசலில் ஷாமியானா போட்டார், பெஞ்சு போட்டார், டோக்கன் அடித்தார், வரிசையில் நிற்பவர்களுக்கு மோர்ப்பானை வைத்தார். காலையில் உள்ளூர், மூன்று மணிக்கு மேல் வெளியூர். வெள்ளிக்கிழமை விடுமுறை, ஏனென்றால் வெள்ளிக்கிழமையில் பொம்பளையைத் திட்டினால் வீட்டுக்கு ஆகாதாம். ஆவுடைத்தாய் தையல் மெஷின் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள், ஒவ்வொருவராக உள்ளே வருவார்கள், சொல்வார்கள், போவார்கள், அவள் ஒவ்வொருவருக்கும் தலையை மட்டும் ஆட்டுவாள்.

வெளியூர்க்காரர்கள் பாடுதான் கொஞ்சம் சிரமம். அவர்கள் முதலில் சொந்தமாக வேண்டுமே. அதற்கும் ஊர் ஒரு முறை ஏற்படுத்திக் கொடுத்தது: வருகிறவர்கள் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, ஒரு சீப்புப் பழம், ரவிக்கைத் துணி வைத்து நீட்டி, அக்கா என்றோ மதினி என்றோ சித்தி என்றோ ஒரு முறை சொல்லி, அவள் கையால் ஒருவேளை சாப்பிட்டு, மூன்று நாள் போக்குவரத்தாகப் பழக வேண்டும். சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர்கள்போல் பஸ் ஸ்டாண்டில் பூ வாங்கி வருவார்கள். அவள் அம்மாவைப் பற்றிக் கேட்பார்கள், அவள் தைத்ததைத் தடவிப் பார்த்து மெச்சுவார்கள், நீ சாப்பிட்டாயா என்று கேட்பார்கள். நாலாவது நாள் வந்து திட்டுவார்கள். கொடுமை என்னவென்றால், அவள் ஒவ்வொரு தடவையும் நம்பினாள். எத்தனையாவது ஆளாக இருந்தாலும், நீ சாப்பிட்டாயா என்ற கேள்வி வந்ததும் அவள் முகம் மலர்ந்துவிடும், இவள் உண்மையாகவே கேட்கிறாள் என்று தோன்றிவிடும், மூன்றாம் நாள் ராத்திரி மகளிடம், "இந்தப் பிள்ள அப்படி இல்லட்டி, நல்ல கொணம்" என்பாள். கேட்பாரற்றுக் கிடந்தவளுக்கு வேறு எப்படி இருக்கும்?

நாளாக நாளாகச் சொற்கள் தேய்ந்தன. மலடி இல்லை என்பதால் மலடிப் பேச்சு பலிக்கவில்லை. சமையல், சீர், நிறம், நடை எல்லாம் பழகிப்போய், கேட்டால் தலைவலிகூட இறங்கவில்லை. ஊர்க்காரர்கள் கவலைப்பட்டார்கள். இரண்டு பேரை அவள் பிறந்த ஊருக்கு அனுப்பி விசாரித்தார்கள், அவர்கள் அங்கே காப்பி குடித்து, பலகாரம் தின்று, அவளுக்கு எது எது பொறுக்காது என்று தெரிந்துகொண்டு வந்தார்கள். அப்படித்தான், மகள் செல்விக்குப் பிறகு தாய்வீட்டில் பிறந்து, எட்டாம் மாதத்தில் அங்கேயே காய்ச்சலில் போன ஆண் குழந்தையைப் பற்றி ஊருக்குத் தெரியவந்தது. 'நீ ஒழுங்காப் பாத்திருந்தா அவன் இருந்திருப்பான்.' இந்தச் சொல்லை யாரும் கண்டபடி உபயோகிக்கக் கூடாது, கனமான சீக்குக்கு மட்டும்தான் என்று கூட்டம் போட்டு முடிவு செய்தார்கள். செவ்வூரணியில் நியாயம் தெரிந்தவர்கள் இல்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது பாருங்கள்.

மருந்துக்கடை மூடப்பட்டது. எழுபது வயசுக்காரர்கள் காலையில் வாலிபால் ஆடினார்கள். கோவில் கொடை நோட்டீசில் 'குலம் காக்கும் ஆவுடைத்தாய் அவர்கள்' என்று போட்டார்கள், பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டியில் 'பொறுமை' என்ற தலைப்பில் பேசிய பிள்ளைகள் எல்லாரும் அவளைச் சொன்னார்கள். அவள் கைவிரல் மடங்காமல், பாதம் வீங்கி, ஒரு கண்ணில் பூ விழுந்து, நாலடி நடந்தால் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தபோது, ஈரல் சூப்பும் மாதுளம்பழமும் வீட்டுக்கு வீடு முறைவைத்து வந்தது. "அவ நல்லா இருந்தாத்தான நாம நல்லா இருக்க முடியும்" என்று வேலம்மாள் கரண்டியால் ஊட்டிவிட்டாள். பார்த்தவர்கள், மாமியார் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்றார்கள்.

டாக்டர் ஜெபசீலி ஒரு நாள் அவளைக் கட்டிலில் படுக்கவைத்து உச்சி முதல் பாதம்வரை பார்த்தாள். பார்த்து முடித்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாப்பத்து மூணு பேரோட சீக்கு இருக்கு ஆவுடை ஒன் ஒடம்புல. அதுல ஒண்ணுகூட ஒன்னோடது இல்ல."

ஆவுடைத்தாய் யோசித்தாள். "கால்ல ஒரு ஆணி உண்டுக்கா. அது என்னோடதுதான். சின்னப் பிள்ளைலேர்ந்து இருக்கு."

அக்கா என்று அவளை அறியாமல் வாயில் வந்துவிட்டது. டாக்டருக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. "அறிவிருக்கா ஒனக்கு? மரக்கட்டையா நீ? திருப்பி ஒரு வார்த்த சொல்லத் தெரியாத பொம்பள எதுக்கு உசுரோட இருக்கணும்?" என்று கத்தினாள். கத்தி முடித்த மறு நொடியில், கல்லூரிக் காலத்திலிருந்து அவளை விடாமல் பிடித்திருந்த ஒற்றைத் தலைவலி சுத்தமாக இல்லை. கட்டிலில் ஆவுடைத்தாய் நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டு, "வலிக்கலக்கா" என்றாள். டாக்டர் வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டாள். அந்த ஊரில் வெட்கப்பட்ட ஒரே ஆள் அவள்தான்.

அதற்கப்புறம் டாக்டர் ஒன்றைக் கவனித்தாள். மகள் மாரிச்செல்வி கூட வந்த நாட்களில், வெளியே பெஞ்சில் இருவரும் பேசிச் சிரித்துக்கொண்டிருந்து உள்ளே வந்தால், ஆவுடைத்தாயின் பிரஷர் இருபது புள்ளி இறங்கியிருந்தது. செல்வி தலைவாரிப் பின்னிவிட்ட நாளில் விரல்கள்கூடக் கொஞ்சம் மடங்கின. செல்விக்குப் பதினேழு வயது, பிளஸ் டூ, வாயாடி, அம்மாவிடம் மட்டும் எதையும் கேட்காமல் எல்லாவற்றையும் சொல்கிற பெண். டாக்டர் சீட்டை எடுத்து, மாத்திரை எழுதுகிற இடத்தில், 'தினமும் அரைமணி நேரம், மகளோடு' என்று எழுதிக் கொடுத்தாள்.

சங்கரபாண்டி அதைப் படித்துவிட்டுச் சிரித்தான். வார்டு மெம்பர் சிரிக்கவில்லை, அவர் விவரமானவர். அந்தச் சீட்டை ஷாமியானாவில் ஒட்டினார். அன்றிலிருந்து வரிசையில் பத்துப் பேர் ஆனதும் செல்வியை உள்ளே அனுப்புவார்கள், அரைமணி நேரம் அம்மாவோடு பேசச் சொல்வார்கள், அம்மாவின் முகத்தில் ரத்தம் ஊறினதும் செல்வியை வெளியே கூப்பிட்டுவிட்டு அடுத்த பத்துப் பேரை அனுப்புவார்கள். மருந்தாக எழுதிக் கொடுத்ததையும் இப்படித் தின்றார்கள். செல்வி நாலாம் நாள், "நான் போவமாட்டேன்" என்றாள். "நீ போவலன்னா அம்மா செத்துப்போவாளே தாயி" என்று வேலம்மாள் சொன்னாள். அது பொய்யில்லை என்பதால் செல்வி போனாள்.

ஆனி மாதத்தில் டாக்டர் ஊர்க்கூட்டத்துக்கே வந்து நின்று, "இன்னும் ஒரு மாசம் இப்படிப் போச்சுன்னா அந்த இருதயம் நின்னுரும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்போதாவது யாராவது ஒருவன், போதும் நிறுத்துவோம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வேலம்மாள்தான் மெதுவாகத் தொண்டையைச் செருமினாள்.

"செல்வி அவ வயித்துல பொறந்தவதான. அவளுக்கும் அந்த ராசி இருக்காதா?"

எல்லாரும் சங்கரபாண்டியைப் பார்த்தார்கள். அவனுக்கு அந்த வாரம் கடைவாய்ப் பல்லில் வலி. மறுநாள் காலை, ஆவுடைத்தாய் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்க, அவன் மகளைக் கூப்பிட்டு நிறுத்தினான். திட்ட ஒன்றும் கிடைக்காமல் கொஞ்ச நேரம் முழித்தான். பிறகு, "நீ பொறந்த அன்னைக்கு எங்கப்பா செத்தாரு. தரித்திரம். அன்னைக்கே தெரியும் எனக்கு" என்றான். அது பொய்யுமில்லை, செல்வி அதுவரைக்கும் அறிந்ததுமில்லை.

சங்கரபாண்டி நாக்கால் கடைவாயைத் துழாவிப் பார்த்தான், ஷாமியானாப் பக்கம் திரும்பித் தலையாட்டினான். வெளியே நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள், ஒருவர் கை தட்டவும் செய்தார். செல்வியின் வலது கன்னம் ஆவுடைத்தாயின் கண் முன்னாலேயே வீங்கி எழும்பியது. ஆவுடைத்தாய் ஒன்றரைக் கண்ணால் அதைப் பார்த்தாள். கன்னத்தைத் தொட்டாள், கொதித்தது.

"வலிக்குதாட்டி?"

"வலிக்கலம்மா" என்றாள் செல்வி.

ஆவுடைத்தாய் எழுந்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு யாரும் பிடிக்காமல் எழுந்தாள், எழுந்ததில் ஸ்டூல் சாய்ந்தது. உள்ளே போய் இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் குடத்தை வைத்துக்கொண்டு, வரிசையில் நின்றவர்களுக்கு நடுவே, சுவரையும் பெஞ்சையும் கம்பத்தையும் பிடித்துப் பிடித்து, தெருக்குழாய்க்குப் போனாள். மணி பதினொன்று, தண்ணீர் வருகிற நேரம். குடம் வைத்திருந்த பெண்கள், அவள் உடம்பு நலிந்தால் யாருக்குக் கேடு என்று தெரிந்தவர்களாகையால், விலகி வழிவிட்டார்கள். அவள் குடம் நிறைகிறவரை நின்றாள், பிறகு குழாயடிச் சிமெண்டுத் தளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கட்டிய சேலையோடு அத்தனை தண்ணீரையும் தலையில் கவிழ்த்துக்கொண்டு, தெரு கேட்கச் சொன்னாள்:

"வேலம்மா. ஒனக்கும் எனக்கும் இன்னையோட ஒட்டுமில்ல, ஒறவுமில்ல. தல முழுகிட்டேன்."

செத்தவர்களுக்காகக் குளிப்பது எல்லாருக்கும் தெரியும். உயிரோடு இருப்பவரை விட்டுத் தொலைக்கவும் அதே குளியல்தான், பேர் சொல்லித் தலையில் ஊற்றிவிட்டால் அப்புறம் அவர் யாரோ, இவர் யாரோ. கோவிலுக்குப் புறப்பட்டு வாசலில் நின்றுகொண்டிருந்த வேலம்மாள் நின்ற இடத்திலேயே மடிந்து உட்கார்ந்தாள், இரண்டு முழங்காலையும் பிடித்துக்கொண்டு அலறினாள். குழாயடியில் ஆவுடைத்தாய் கால்களை நீட்டி, மடக்கி, திரும்ப நீட்டினாள்.

இரண்டாவது குடத்தை நிரப்பினாள். கல்யாணமான நாள் முதல் அவள் வாயில் வந்திராத பெயர் ஒன்று உண்டு. ரேஷன் கடையிலும் பள்ளிக்கூடத்திலும் கேட்டால்கூட அட்டையை நீட்டுவாளே தவிரச் சொல்லமாட்டாள்.

"சங்கரபாண்டி" என்றாள். ஊற்றினாள்.

அதற்குமேல் அவளை யாராலும் நிறுத்த முடியவில்லை. ஒவ்வொரு குடத்துக்கும் ஒவ்வொரு பெயர், முறை இல்லை, மரியாதை இல்லை, பெயர் மட்டும். பொன்னுத்தாய், ஊற்றினாள். தங்கமாரியப்பன், ஊற்றினாள். வெற்றிலைத் தாம்பாளத்தோடு வந்தவர்கள், நீ சாப்பிட்டாயா என்றவர்கள், பெயர் தெரிந்த அத்தனை பேர், ஊற்றினாள், ஊற்றினாள். வரிசையில் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார், ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "மைனி, எனக்கு வேண்டாம் மைனி, பிள்ளகுட்டிக்காரி மைனி" என்று பொன்னுத்தாய் இழுத்து இழுத்து மூச்சு விட்டாள். "இது ஊர்ச்சொத்து, இவ இஷ்டத்துக்கு ஊத்த முடியாது, நான் மனு குடுப்பேன்" என்று மெம்பர் பெஞ்சில் சரிந்தபடியே சொன்னார். "தண்ணி எம்புட்டு வீணாப் போவுது!" என்று கூட்டத்தில் ஒரு குரல் வருத்தப்பட்டது.

சத்தம் கேட்டு ஆஸ்பத்திரியிலிருந்து ஓடிவந்த டாக்டர் ஜெபசீலி, ஈரத்தில் செருப்போடு இறங்கி அவள் முன்னால் நின்றாள். "எனக்கும் ஒரு கொடம் ஊத்து ஆவுடை" என்றாள். தன்னுடையதைத் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டது அவள் ஒருத்திதான். ஆவுடைத்தாய் அந்தக் குடத்தை மட்டும் கொஞ்சம் தயங்கித்தான் கவிழ்த்தாள். டாக்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, சரி என்பதுபோல் தலையசைத்தாள்.

கடைசிப் பெயருக்கான குடமும் முடிந்தபோது ஆவுடைத்தாயின் கண்ணில் பூ இல்லை, விரல்கள் மடங்கின, மூச்சு சீராக வந்தது. ஆனால் செல்வியின் கன்னம் அப்படியே வீங்கித்தான் இருந்தது. அது அம்மா ஊற்றித் தீராது, அது செல்வியினுடைய உறவு. ஊற்று என்று ஆவுடைத்தாய் சொல்லவில்லை. காலிக் குடத்தைக் குழாயின் கீழ் வைத்துவிட்டு எழுந்து தள்ளி நின்றாள்.

செல்வி வீட்டு வாசலைப் பார்த்தாள், அப்பா அங்கே தலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். சின்ன வயதில் அவளைப் பைக்கின் முன்னால் உட்காரவைத்து மில்லுக்குக் கூட்டிப்போன அப்பாதான். குடம் நிறைந்து வழிந்தது. அது வழிந்து கொஞ்ச நேரம் ஓடவிட்டுத்தான் அவள் போய் உட்கார்ந்தாள், அழுதுகொண்டேதான் அப்பாவின் பெயரைச் சொன்னாள், ஒரே மூச்சில் ஊற்றிக்கொண்டாள்.

சங்கரபாண்டி தாடையைப் பொத்திக்கொண்டு கத்தினான். ஒன்பது வருட ரத்தக்கொதிப்பும் ஒரு வாரத்துப் பல்வலியும் சேர்ந்து மண்டைக்குள் ஏற, வேட்டி தடுக்கத் தடுக்கக் குழாயடிக்கு வந்து, ஊரே இதுவரை சொல்லாத சொல்லையெல்லாம் சொல்லி ஆவுடைத்தாயைத் திட்டினான். அவள் பிறப்பைச் சொன்னான், நடத்தையைச் சொன்னான், கனமான சீக்குக்கென்று ஒதுக்கி வைத்திருந்த அந்தச் சொல்லையும், இறந்துபோன தன் சொந்த மகனைப் பற்றிய அந்தச் சொல்லையும் சொன்னான். சொல்லச் சொல்ல அவன் முகம்தான் சிவந்துகொண்டே போனது. கடைசியில் குரல் எழும்பாமல், கம்பத்தில் சாய்ந்து நின்றான்.

ஆவுடைத்தாய் மகளின் தலையை முந்தானையால் துவட்டிக்கொண்டிருந்தாள். துவட்டி முடித்து, ஈரக்கூந்தலை முடிச்சுப் போட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டில் வழி கேட்கும் ஆளைப் பார்ப்பதுபோல அவனை ஏறிட்டுப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் துளி இல்லை.

"யாருங்க நீங்க? இந்த வெயில்ல நின்னு கத்தாதீங்க, ஒடம்புக்கு ஆவாது. அங்கன ஆஸ்பத்திரி இருக்கு, போயிக் காட்டுங்க. தொணைக்கு வீட்டுல யாராச்சும் இருந்தா கூட்டிட்டுப் போங்க."